உறங்கும் கூந்தலுக்கு ஒரு காவல்: காட்டூர்த் தாய்மார்களுக்குத் திறந்த மடல்

காட்டூரிலும், பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த ஏனைய குப்பங்களிலும் வாழ்கின்ற தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும்,

பெண்களின் கேசத்தைப் பராமரிப்பது பற்றி நாள்தோறும் எழுதப்படுகின்ற எழுத்துக்கள் அநேகம். ஆயினும், விடியலுக்கு வெகு நேரம் முன்னரே எழுந்து மீன் ஏலத்துக்கு நடப்பவளையும், இடுப்பளவு உப்புநீரில் நின்று கையால் இறால் தடவிப் பறியை நிரப்புகின்றவளையும், அன்னக்கூடையைச் சும்மாட்டின்மேல் ஏற்றித் தெருத்தெருவாகக் கூவி விற்று, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பி, மீன்வாடை போகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரம் உலருமுன்னரே பாயில் சாய்ந்துவிடுகின்றவளையும் மனத்தில் வைத்து அவற்றில் ஒன்றேனும் எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவை குளிரூட்டிய அறையிலே, மெத்தை விரித்த கட்டிலிலே, எட்டு மணி நேரம் நித்திரை செய்கின்ற பட்டணத்துச் சீமாட்டிக்காக எழுதப்பட்டவை. அவளுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் உங்களுக்குப் பொருந்துவன சொற்பம். அவளிடம் விற்கப்படும் சரக்குகளில் உங்களுக்குத் தேவைப்படுவன அதனினும் சொற்பம். ஆகவே, உறங்கும் நேரத்தில் கூந்தல் கெடாமல் காத்துக்கொள்வது எப்படி என்னும் இந்தச் சிறு விஷயத்தைப் பற்றி, உங்கள் நாளையும் உங்கள் தண்ணீரையும் உங்கள் பாயையும் கணக்கில் கொண்டு சில வார்த்தைகள் எழுதத் துணிகின்றேன்.

"முகத்துவாரம் மண்மூடிப் போகிறது, ஏரியில் மீன்பாடு குறைந்துவிட்டது, பக்கத்திலுள்ள துறைமுகம் இன்னும் விரியுமோ என்று ஊரே கலங்கிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் தலைமயிரைப் பற்றியா பேச்சு?" என்று உங்களில் ஒரு மூதாட்டி கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால், பெரிய துயரங்கள் தீரும்வரையில் சிறிய துயரங்களை வாய் திறவாமல் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்னும் நியதி ஆண்களுக்கு விதிக்கப்பட்டதாக நான் கேட்டதில்லை. காலையில் சீப்பில் சுருண்டு வருகின்ற மயிரைப் பார்த்து ஒருத்தி மனம் வருந்துவாளாயின், அது வீண் அலங்கார மோகமன்று. தன் சரீரம் தேய்வதைத் தான் கவனிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அன்றியும், இச்சிறு காரியத்தை அதன் மூலம் வரையில் ஆராய்ந்துகொண்டு போனால், அது உங்கள் ஊரின் பெரிய காரியம் ஒன்றிலே போய் நிற்பதை இம்மடலின் முடிவில் காண்பீர்கள்.

முதலில் மயிரின் சுபாவத்தை அறிந்துகொள்வோம். தலைத்தோலுக்கு உள்ளே, வேர்க்குழியில் இருக்கின்ற பகுதி மட்டுமே உயிருள்ளது. தோலைக் கடந்து வெளியே வந்துவிட்ட மயிர் முழுவதும் கெரட்டின் என்னும் புரதத்தாலான, உயிரற்ற இழை. உயிருள்ள தோலில் ஒரு கீறல் விழுந்தால் அது சில தினங்களில் தானே ஆறிவிடும். உயிரற்ற இழையில் நேர்ந்த சிதைவோ ஒருநாளும் ஆறுவதில்லை. அதனை எண்ணெய் மறைக்கலாம், களிம்பு வழவழப்பாக்கலாம். பழைய நிலைக்குத் திருப்பும் சக்தி எந்தத் தைலத்துக்கும் கிடையாது. முளைத்துவிட்ட மயிரின் விஷயத்தில் சிகிச்சை என்று ஒன்று இல்லை, காவல் ஒன்றே உண்டு என்னும் இந்த உண்மையை மனத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். பின்னர்ச் சொல்லப்போகின்ற யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

அந்த இழையின் மேற்புறம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதிள்களால் அடுக்கடுக்காக மூடப்பட்டிருக்கிறது. செதிளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: மீனைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும், வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினாலோ செதிள் நிமிர்ந்து கையைக் கீறும். மயிரின் செதிள்களும் அவ்வாறே வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. கோரைப்பாயின்மீதோ முரட்டுத் தலையணை உறையின்மீதோ தலை இரவெல்லாம் இப்புறமும் அப்புறமும் புரளும்போது, உராய்வு ஒரே திசையில் நிகழ்வதில்லை. எதிர்த்திசையில் உரசும் ஒவ்வொரு முறையும் சில செதிள்கள் நிமிர்கின்றன, சில பெயர்கின்றன. நிமிர்ந்த செதிளை உடைய இரண்டு மயிர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே சிக்கு. செதிள் முற்றிலும் பெயர்ந்துபோன நுனி இரண்டாகப் பிளந்து நிற்பதே நுனிப்பிளவு.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரோ, அதற்குச் சற்று அதிகமாகவோ வளர்கிறது. அப்படியானால், இடுப்பைத் தொடுகின்ற இரண்டடிப் பின்னலின் நுனியில் இருக்கின்ற மயிர், தலைத்தோலை விட்டு வெளிவந்து நான்கரை ஆண்டுக்கும் ஐந்து ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஆகியிருக்க வேண்டும். அதாவது, ஏறத்தாழ 1,600 முதல் 1,800 இரவுகள் அது உங்களோடு கூடப் படுத்து, புரண்டு, உரசித் தேய்ந்திருக்கிறது. ஓர் இரவின் தேய்மானம் அற்பமே. 1,800 இரவுகளின் தேய்மானம் அற்பமன்று. ஆனால் நம் வழக்கத்தில் எண்ணெயும் சிரத்தையும் முழுவதும் உச்சந்தலைக்கே போகின்றன. வயது முதிர்ந்து வலுவிழந்த நுனி, கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. உச்சந்தலைக்குங்கூடப் பகலில் விடுதலை இல்லை. சும்மாடும் சுமையும் நாளெல்லாம் அவ்விடத்து மயிரை அழுத்தி அரைக்கின்றன. பகலில் தொழிலுக்காக இந்நஷ்டத்தை ஏற்றே தீர வேண்டியவர்களுக்கு, இரவு ஒன்றே கேசம் இளைப்பாறக் கிடைக்கின்ற வேளை.

இனி, உங்களுக்கே உரிய முதல் எதிரியான உப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஏரியின் நீர் மயிரில் காய்ந்தபின் அதிலுள்ள உப்பு நுண்ணிய படிகங்களாக மயிரின்மேல் தங்கிவிடுகின்றது. அப்படிகங்களோடு தலையணையில் புரளுவது உராய்வைப் பெருக்குவதே அல்லாமல் வேறன்று. ஏரியில் இறங்காதவர்களுக்கும் முழு விடுதலை இல்லை. மீஞ்சூரை அடுத்த ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தில், சென்னை நகரத்தின் தாகத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் உழவுக்காகவும் பல்லாண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்து வந்ததன் பயனாக, கடல்நீர் பல கிலோமீட்டர் தூரம் உட்புகுந்து கிணறுகளை உவர்ப்பாக்கிவிட்டது நாடறிந்த செய்தி. இத்தகைய நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் குளியல் சோப்போடு கூடினால் நுரை எழுவதில்லை. பிசுபிசுப்பான ஒரு வெண்படிவு உண்டாகி மயிரின்மேல் ஒட்டிக்கொள்கிறது. தலை வழுவழுக்காமல் வைக்கோல்போல் முரடாவதற்கு அதுவே காரணம். "சோப்பு போதவில்லை" என்று மறுபடியும் தேய்ப்பதனால் அது மேலும் பெருகுமேயன்றிக் குறையாது.

சீயக்காய்க்கு இந்தத் தோஷம் இல்லை. அதன் நுரை சபோனின் என்னும் தாவரப் பொருளால் உண்டாவது. உவர்நீரோடு கூடி அது வெண்படிவை உண்டாக்குவதில்லை. இலேசான புளிப்புத் தன்மை உடையதாகையால் செதிள்கள் படிந்து கிடக்கவும் அது துணை செய்கிறது. ஆகவே தலைக்குச் சீயக்காயையோ, அதற்கு நேரமில்லாதவர்கள் மலிவான ஷாம்பூவையோ உபயோகிக்கலாம். உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போடாதிருப்பது நலம். குளியல் முழுவதையும் நல்ல தண்ணீரில் முடிக்க உங்களுக்கு வசதியில்லாமற் போகலாம். கடைசி இரண்டு செம்பு மட்டுமேனும் நல்ல தண்ணீராக இருக்கும்படி ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதனைப் பின்னலின் அடி முதல் நுனி வரையில் ஒழுகவிட்டால், உப்பின் பெரும்பகுதி படுக்கைக்கு வராமல் வாசலிலேயே நின்றுவிடும். தலைக்கு ஊற்றிக்கொள்ளாத நாளில் வெளியில் தெரியும் பின்னலை மட்டும் அவ்வாறு அலசிக்கொண்டாலும் போதும்.

இரண்டாவது எதிரி ஈரம். தண்ணீரை உறிஞ்சிய மயிர் குறுக்களவில் ஏறத்தாழ 15 சதவீதம் பருக்கிறது. அவ்வாறு பருக்கும்போது செதிள்கள் விலகி நிமிர்கின்றன. மயிரின் உள்ளே புரத இழைகளைப் பிணைத்திருக்கின்ற பிணைப்புக்களில் ஒரு பகுதியையும் தண்ணீர் தற்காலிகமாக அவிழ்த்துவிடுகிறது. அதனால் ஈரமயிர் உலர்ந்த மயிரைக் காட்டிலும் எளிதில் நீளும்; அளவு கடந்து இழுபட்டால் அறும், அல்லது மீளாத தொய்வு கொள்ளும். இந்நிலையில் அதனைத் தலைக்கும் பாய்க்கும் இடையே வைத்து நசுக்கிக்கொண்டு ஆறு மணி நேரம் உறங்குவதைவிடப் பெரிய தீங்கை ஒருவர் தம் கூந்தலுக்குத் தேடிச் செய்ய முடியாது. தலைத்தோலின் கதியும் அவ்வாறே. வெப்பமும் ஈரமும் கூடி நிற்குமிடத்தில் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு வாழ்வு.

"ஈரத்தலையோடு படுக்காதே, நீர் கோத்துக்கொள்ளும்" என்று நம் பாட்டிமார் கண்டித்து வந்தார்கள். ஜலதோஷம் ஈரத்தலையால் வருவதன்று, கிருமியால் தொற்றுவது என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. எனினும், காரணம் வேறாயிற்றே என்று கட்டளையைத் தள்ளிவிடலாகாது. பாட்டிமாரின் கட்டளை கேசத்துக்கு நூற்றுக்கு நூறு நன்மையானது. ஆனால், மாலைக்குப் பிறகே குளிக்க வாய்க்கின்ற உங்களுக்கு இந்தக் கட்டளையை நிறைவேற்றுவது எளிதன்று என்பதையும் நான் உணர்வேன். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஏரிக்காற்றே ஈரமாய் வீசும்போது, நீண்ட கூந்தல் இரண்டு நாழிகையில் உலர்வது நடவாத காரியம். ஆதலின் சில உபாயங்கள்: முழுத் தலைமுழுக்கைத் தொழிலுக்குப் போகாத நாளின் பகலுக்கு ஒதுக்குங்கள். ஏனைய நாட்களில் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, பின்னலின் வெளிப்புறத்தை மட்டும் மேற்சொன்னவாறு அலசிக்கொள்ளுங்கள். தலை நனைந்துவிட்டால், துண்டால் அடித்தும் முறுக்கியும் உலர்த்தாமல், நைந்த பருத்தி வேட்டித் துண்டை வைத்து ஒற்றி ஒற்றி நீரை வாங்குங்கள். உலை கொதிக்கும் நேரமும், பிள்ளைகள் உண்ணும் நேரமும் கூந்தல் காற்றாட விரிந்திருக்கட்டும். முக்கால் ஈரமேனும் போனபிறகே பாயை விரியுங்கள்.

விளக்கு வைத்தபின் தலை வாரக்கூடாது என்னும் ஆசாரம் நம் வீடுகளில் உண்டு. மங்கலான அகல்விளக்கின் காலத்தில் உதிர்ந்த மயிர் சோற்றுப் பானையில் விழுந்தால் தெரியாது என்னும் விவேகமே அதன் அடியில் இருந்திருக்கக்கூடும். மின்விளக்கு எரிகின்ற இக்காலத்தில், விளக்கு வைத்தபின்னரே ஓய்வு கிடைக்கின்ற ஒருத்தியை அந்த ஆசாரம் கட்டுப்படுத்துவது முறையன்று. சிக்கோடு படுத்தால் ஒவ்வொரு புரளலிலும் அச்சிக்கு இறுகி, காலையில் அவசரச் சீப்பின் முன்னே கொத்தாக அறுகின்றது. படுக்குமுன், சமையலைவிட்டு விலகி உட்கார்ந்து, முதலில் விரல்களாலும் பிறகு அகன்ற பல் உடைய சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கி, படிப்படியாக மேலே வந்து சிக்கெடுங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால், வழியிலுள்ள சிக்கெல்லாம் கீழே திரண்டு ஒரே முடிச்சாக நின்றுவிடும். சூடியிருந்த மல்லிகையையும், கொண்டை ஊசிகளையும், ரப்பர் வளையத்தையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். இரவு முழுவதும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும் ஊசிக்கும் ரப்பருக்கும் கீழேதான் மயிர் அதிகமாக முறிகின்றது.

சிக்கெடுத்தபின் கூந்தலை விரித்துவிட்டு உறங்குவதும் நன்றன்று, இறுகப் பின்னி உறங்குவதும் நன்றன்று. தளர்ந்த ஒற்றைப் பின்னலே இராப்பொழுதுக்கு ஏற்றது. இவ்விடத்தில் பெண்குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. விடியுமுன்னர் ஏலத்துக்குப் போக வேண்டிய தாய், காலையில் நேரமில்லை என்பதனால் மகளுக்குப் பள்ளிக்கூடத்து இரட்டைப் பின்னலை இரவிலேயே போட்டு, மறுநாள் மாலை வரையில் கலையாதிருக்கும்படி இறுக்கி, ரிப்பன் முடிந்துவிடுவதுண்டு. அவளுடைய நெருக்கடி எனக்குத் தெரியும். குறை சொல்வது என் கருத்தன்று. ஆனால், மயிரின் வேர் இரவும் பகலும் இழுபட்டுக்கொண்டே இருந்தால், நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் மயிர் மெலிந்து, ஆண்டுக்கணக்கில் அவ்வாறே நீடித்தால் வேரே வடுவாகி, பின்னர் எக்காலத்தும் முளைக்காமற் போகும். இது வைத்தியர்கள் நன்கறிந்த வியாதி. ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினால் மட்டுமே மீளக்கூடியது. பின்னலைக் கழுத்துக்குக் கீழே வேண்டுமாயின் சற்று இறுக்கமாகவும், தலையை ஒட்டிய இடத்தில் தளர்வாகவும் போடுவது ஒரு வழி. பத்து வயதுப் பெண்ணுக்குத் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது அதனினும் நல்ல வழி.

எண்ணெயைப் பற்றி அபிப்பிராய பேதம் மிகுதி. மும்பையில் ரேலே, மொஹிலே என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் பரிசோதித்து, மயிரிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தடுப்பது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று 2003-இல் வெளியிட்டார்கள். அதன் லாரிக் அமிலம் மயிரினுள்ளே புகக்கூடியது என்பதும், அதனால் குளிக்கும்போது மயிர் நீரைக் குடித்துப் பருப்பது குறைகின்றது என்பதும் அவர்கள் கூறும் காரணம். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றைச் சார்ந்தவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதே. ஆயினும் அவர்கள் கூறிய காரணம் இன்றுவரை பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஏரியில் இறங்குபவர்களுக்கு இதில் ஒரு விசேஷப் பிரயோஜனம் உண்டு: முந்தின இரவே நான்கைந்து துளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் பின்னலின் கீழ்ப்பாதியில் தடவிக்கொண்டால், மறுநாள் உப்புநீர் மயிரினுள் அவ்வளவு எளிதில் புகாது. தலைத்தோலில் பொடுகு உடையவர்களோ இரவு முழுவதும் உச்சியில் எண்ணெயை ஊறவிடலாகாது. பொடுகுப் பூஞ்சைக்கு எண்ணெயே ஆகாரம். வழிய வழிய ஊற்றுவதும் வீண். அது தலையணைக்குப் போகிறது, அங்கே தூசியைச் சேர்க்கிறது.

தலையணைக்கு வருவோம். பட்டுத் தலையணை உறையும், சாட்டின் துணியில் தைத்த இரவுத் தொப்பியும் இன்று பட்டணத்துக் கடைகளில் பெருவிலைக்கு விற்கின்றன. பட்டுத் துணி மயிரை வளர்க்கும் என்று சொல்வது பொய்; வழவழப்பான துணியில் உராய்வு குறையும் என்பது மட்டுமே மெய். அந்த மெய்யான பலனை அடைவதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஜரிகை கிழிந்து பெட்டியடியில் கிடக்கும் பழைய பட்டுப்புடவையின் உடற்பகுதியோ, நூறு முறை துவைத்து மிருதுவான வாயில் புடவையோ போதும். தலையணையில்லாமல் படுப்பவர்கள் பாயின் தலைமாட்டில் அதனை இரண்டாக மடித்து விரித்துக்கொள்ளலாம். நமது புழுக்கத்தில் செயற்கை இழைத் தொப்பியை மாட்டிக்கொண்டு உறங்கினால், வியர்வையே தலையை நனைத்துவிடும். உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறையேனும் துவைத்து வெயிலில் உலர்த்துவது இதற்கெல்லாம் மேலான காவல்.

இராக்காலத்தில் தலைக்குத் துணி என்னும் இந்த யோசனையை மேனாட்டு அங்காடிகள் கண்டுபிடித்த நூதனம் என்று எண்ணிவிடாதீர்கள். இதில் உங்கள் கரைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையை நிறுவிய காலத்தில், பழவேற்காடு சோழமண்டலக் கரையின் துணி வாணிபத்துக்கு ஒரு கேந்திரமாக விளங்கிற்று. இக்கரையில் நெய்த கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைகள் ஐரோப்பியச் சந்தைகளில் பழவேற்காட்டின் பெயராலேயே வழங்கின. சென்னைக் கரையின் அத்தகைய கட்டத் துணிகள் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்து, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வாட்டப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்களின் தலைக்கட்டுக்களாயின. 1786-இல் லூயிசியானாவில் எஸ்டெபன் மிரோ என்னும் ஸ்பானிய ஆளுநர், கறுப்பினப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மறைத்தே நடமாட வேண்டும் என்று சட்டம் விதித்தார். அப்பெண்களோ அந்த அவமானத் துணியையே அழகுறக் கட்டித் தங்கள் கௌரவமாக மாற்றிக்கொண்டார்கள். டொமினிக்கா, செயின்ட் லூசியா முதலிய தீவுகளின் தேசிய உடையில் சென்னைக் கட்டத் துணி இன்றைக்கும் இடம்பெறுகின்றது. இரவில் கூந்தலை வழவழப்பான துணியால் சுற்றிக்கொண்டு உறங்குகின்ற வழக்கத்தை அழியாமல் காத்து வருபவர்கள் அப்பெண்களின் சந்ததியாரே. கடை அதனைப் பின்னால் எடுத்து விற்கத் தொடங்கியது. வறிய பெண்களின் அனுபவமே அதன் மூலம்.

இவ்வளவும் செய்தும் தீராத குறைகள் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. இராக்காவல் முளைத்த மயிரை முறியாமல் காக்குமே அன்றி, வேரிலிருந்து உதிர்வதைத் தடுக்காது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயற்கை. அதற்காக அஞ்ச வேண்டாம். பிரசவித்த இரண்டு, மூன்று மாதங்களில் கைகொள்ளாமல் உதிர்வதும் பெரும்பாலும் தானே நின்றுவிடுவது. தாய்ப்பாலோடு முடியும் போய்விட்டது என்று பிள்ளையைக் குறைகூற வேண்டா. பச்சைக் குழந்தையின் பிடரியில் மயிர் தேய்ந்து வழுக்கையாய்த் தெரிவதும் சில மாதங்களில் நிரம்பிவிடும். அதற்காகத் தூளியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால், ஓயாத உதிர்வோடு களைப்பும் மூச்சிரைப்பும் முகவெளுப்பும் சேர்ந்திருந்தால் அது இரத்தசோகையாக இருக்கக்கூடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்தசோகை உடையவர்கள். நல்ல மீனையெல்லாம் விலைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய குழம்பைக் கடைசியில் உண்பவளுடைய கேசம் எந்தத் தைலத்தால் செழிக்கும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து இரும்புச்சத்து மாத்திரை பெற்றுக்கொள்வது, கடைத்தைலம் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவற்ற காரியம். காசளவு வட்டமாக மயிர் உதிர்கின்ற புழுவெட்டையும் பூச்சி தின்றதாக எண்ணிக் கண்டதைத் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே பாயில் பிள்ளைகள் தலையோடு தலை சேர்ந்து உறங்கும் வீடுகளில் பேனும் ஈரும் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் போவது இயல்பு. அது அசுத்தத்தின் அடையாளமன்று, வெட்கப்பட வேண்டியதுமன்று. ஒருத்திக்கு இருந்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் பேன்சீப்பால் வாரிவிடுவதும், ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் பார்ப்பதும், இரவில் பெண்பிள்ளைகளின் கூந்தலைப் பின்னி வைப்பதும் போதும். இரவெல்லாம் சொறிந்துகொண்டிருக்கும் தலையில் எந்தக் காவலும் நிலைக்காது.

சகோதரிகளே, இதுவரை கூறியவற்றைத் திரும்பிப் பார்த்தால், அவற்றில் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது தெரியும். உப்பை நீக்குவது, ஈரத்தை நீக்குவது, சிக்கை நீக்குவது, ஊசியையும் இறுக்கத்தையும் நீக்குவது, முரட்டுத் துணியை நீக்குவது என்று யாவும் கழித்தல்களே. கூந்தலுக்கு இரவில் எதையேனும் பூசச் சொல்கின்ற விளம்பரங்கள் எல்லாம் கூட்டலைப் போதிக்கின்றன. ஏனெனில் கழித்தலை விற்க முடியாது. கூந்தலுக்கென்று சீட்டுப்பணத்தில் கைவைக்குமுன் இந்த ஒரு நியாயத்தை எண்ணிப் பாருங்கள்.

ஆனால், இக்கழித்தல்களில் முதலாவதான உப்பை ஒருத்தி தனியாக நீக்கிக்கொள்ள இயலாது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், அது அவள் கையில் இல்லை. உங்களுக்கு அண்மையிலுள்ள காட்டுப்பள்ளியிலே 2010-இல் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல நீரை உண்டாக்கும் திறனுடையது. அது சென்னை மாநகரின் தாகத்தைத் தீர்க்கவென்று அமைக்கப்பட்டது. நகரத்தின் தாகம் நியாயமானதே. உங்கள் கரையின் கடலை நன்னீராக்கி நகரத்துக்கு அனுப்பத் தெரிந்த அரசுக்கு, நாளெல்லாம் உப்புநீரில் நிற்கின்ற பெண்கள் மாலையில் உப்புப் போகக் குளிப்பதற்கு மீன் இறங்குமிடத்தின் அருகே கதவுள்ள ஒரு குளியலறையும், நல்ல தண்ணீர்க் குழாயும் அமைத்துத் தருவது அரிதான காரியமாகாது. அப்படி ஒன்று அமைந்தால் காக்கப்படுவது உங்கள் கேசம் மட்டுமன்று. தோலில் உப்பு அரித்துண்டாகும் புண்களும், இருட்டியபின் திறந்தவெளியில் குளிக்கும் சங்கடமும் குறையும்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைய கூட்டத்துக்கு முன்னரே சுயஉதவிக் குழுக்களில் கலந்து பேசி, இறால் தடவுவோர், ஏலத்தில் எடுப்போர், தெருவில் விற்போர் என்னும் பேதமின்றி எல்லோரும் கையொப்பமிட்டு, இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி முன்வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். குழாய் ஒன்றுதான் வருமாயின் அதனைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று வெளியார் எவரும் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஏரியின் மீன்பிடி இடங்களையே 'பாடு' வைத்து, குடும்பத்துக்குக் குடும்பம் முறைபோட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு வந்த ஊர்கள் உங்கள் ஊர்கள். அந்தப் பாட்டு முறையில் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. இந்தத் தண்ணீர் முறையை நீங்களே வகுத்து, நீங்களே நடத்துங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்